கிரிபட்டியின் கடல்: விற்பதா, மூடுவதா, தானே பிடிப்பதா, தோண்டுவதா?

பசிபிக் பெருங்கடலின் நடுவில், நிலநடுக்கோட்டின் இருபுறமும் சிதறிக் கிடக்கும் 33 தீவுகளால் ஆன கிரிபட்டியின் நிலப்பரப்பு, மொத்தமாகக் கூட்டினாலும் 811 சதுர கிலோமீட்டர்தான். அதே தீவுகளின் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை அளந்து, பன்னாட்டுச் சட்டம் அந்நாட்டுக்கு ஒப்புக்கொள்ளும் பிரத்தியேகப் பொருளாதார மண்டலமோ ஏறத்தாழ 34 லட்சம் சதுர கிலோமீட்டர். ஒரு பங்கு நிலத்துக்கு நாலாயிரம் பங்குக்கும் மேலான கடல். (எழுத்தைப் பார்த்து நாம் கிரிபட்டி என்கிறோம். அவர்களுடைய எழுத்துமுறையில் இறுதி அசைக்கு ஸகர ஒலி என்பதால், ஊர்க்காரர் வாயில் அது கிரிபஸ்.) ஏறத்தாழ 1,20,000 மக்கள் வாழும் இந்த நாட்டில் சொல்லிக்கொள்ளும்படியான வயல் இல்லை, ஆறு இல்லை, பெரிய ஆலை இல்லை. அரசின் வருவாயில் பாதிக்கு மேலும், சில ஆண்டுகளில் முக்கால் பங்கு வரையும், அந்தக் கடலில் பிறர் மீன் பிடிக்கக் கொடுக்கும் கட்டணத்திலிருந்தே வருகிறது. எனவே அந்தக் கடலை என்ன செய்வது என்ற கேள்வி அங்கே மீன்வளத் துறையோடு முடிவதில்லை. வரவுசெலவுத் திட்டம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

அந்நாட்டின் முன் உள்ள வழிகளை நான்காகப் பிரிக்கலாம். பிடிக்கும் உரிமையை வெளிநாட்டுக் கப்பல்களுக்குக் காலவரையறையோடு விற்பது முதலாவது. கடலின் ஒரு பகுதியை மூடிவைப்பது இரண்டாவது. சொந்தக் கப்பலும் சொந்த ஆலையும் வைத்துத் தானே தொழிலில் இறங்குவது மூன்றாவது. கடலடியில் கிடக்கும் உலோகத்தைத் தோண்ட இசைவது நான்காவது. இவற்றை ஒப்பிடும்போது எது அதிகப் பணம் தரும் என்று மட்டும் பார்ப்பது போதாது என்பது என் கருத்து. எடுத்த முடிவு தவறென்று தெரிந்தால் அதைத் திரும்பப் பெற முடியுமா, அதற்கு எவ்வளவு செலவாகும் என்பதையும் அதே தராசில் வைக்க வேண்டும். இழப்பைத் தாங்கும் இருப்பு மிகச் சிறியதாக உள்ள ஒரு நாட்டுக்கு இந்த இரண்டாவது கேள்வியே முதன்மையானது.

வழிகளுக்குள் போகுமுன், கையில் இருப்பது எத்தகைய உரிமை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 1982ல் ஏற்கப்பட்டு 1994ல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின்படி, கரையிலிருந்து 12 கடல் மைல் வரையிலான ஆட்சிக்கடலில் நாட்டுக்கு இறையாண்மை உண்டு. அதற்கு அப்பால் 200 கடல் மைல் வரை உள்ளது இறையாண்மை அன்று, அங்குள்ள வளங்களின் மீதான இறையாண்மை உரிமை மட்டுமே. பிற நாட்டுக் கப்பல்கள் அதன் வழியே போகலாம், வரலாம். மீனைத் தொடுவதற்கு மட்டும் அனுமதி வேண்டும். எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்பதைக் கரைநாடே முடிவு செய்யும். தன்னால் பிடிக்க முடியாத மீதத்தைப் பிறருக்குத் திறந்துவிட வேண்டும் என்று 62ஆம் பிரிவு சொல்கிறது. படிக்கும்போது இது சிறிய நாட்டின் கையைக் கட்டுவதுபோலத் தோன்றும். ஆனால் அனுமதிக்கும் அளவைக் கரைநாடு நிர்ணயிப்பது பற்றிய வழக்கைக் கட்டாயத் தீர்ப்பாயத்துக்கு இழுக்க முடியாதென்று அதே உடன்படிக்கை விலக்கு அளித்திருப்பதால், நடைமுறையில் கடிவாளம் கரைநாட்டிடமே இருக்கிறது.

காகிதத்தில் இருந்த இந்த உரிமை கிரிபட்டிக்குக் கைக்கு வந்த விதம் சுவையானது. சூரை மீன் நாடு விட்டு நாடு வலசை போவது, ஆகவே அதன்மேல் எந்தக் கரைநாட்டுக்கும் உரிமை கிடையாது என்பது 1980களில் அமெரிக்காவின் நிலை. அந்நாட்டுக் கப்பல்கள் கட்டணமின்றிப் பிடித்தன. 1984ல் சாலமன் தீவுகள் அப்படிப்பட்ட கப்பல் ஒன்றைச் சிறைப்பிடித்தபோது, அமெரிக்கா அபராதம் கட்டுவதற்குப் பதிலாக அந்நாட்டு மீனுக்கு இறக்குமதித் தடை விதித்தது. மறு ஆண்டு, அதாவது 1985ல், விடுதலை பெற்று ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த கிரிபட்டி, சோவியத் ஒன்றியத்துக்கு ஓராண்டு மீன்பிடி உரிமம் கொடுத்தது. தொகை சுமார் 17 லட்சம் அமெரிக்க டாலர். கரையிறங்கவோ 12 கடல் மைலுக்குள் வரவோ அனுமதி இல்லை. பணம் பெரிதில்லை, ஒப்பந்தமும் ஓராண்டோடு முடிந்துவிட்டது. ஆனால் பனிப்போர்க் காலத்தில் அந்த ஒரு கையெழுத்து செய்த வேலையைப் பத்து வழக்குகள் செய்திருக்காது. 1987ல் அமெரிக்கா பசிபிக் தீவு நாடுகளோடு சூரை ஒப்பந்தம் செய்துகொண்டு கட்டணம் செலுத்த ஒப்பியது. பின்னர் தன் சட்டத்தையும் மாற்றிக்கொண்டது.

இனி முதல் வழி. இன்று கிரிபட்டி விற்பது மீனை அல்ல, மீன்பிடிக்கும் நாள்களை. 1982ல் கையெழுத்தான நவூரு உடன்பாட்டின் உறுப்பினர்களான கிரிபட்டி, நவூரு, துவாலு, மார்ஷல் தீவுகள், மைக்ரோனீசியக் கூட்டாட்சி, பலாவு, பப்புவா நியூகினி, சாலமன் தீவுகள் ஆகிய எட்டு நாடுகளும் 2007 டிசம்பரில் ஒரு முறையை நடைமுறைப்படுத்தின. சுருக்குவலைக் கப்பல்கள் (தமிழகக் கரையில் சுருக்குமடி என்று வழக்காடுகிறோமே, அதன் பேருருவம்) தங்கள் கடல்களில் ஓராண்டில் மொத்தம் இத்தனை நாள்தான் தொழில் செய்யலாம் என்று வரம்பு கட்டி, அந்த நாள்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, ஒவ்வொரு நாடும் தன் பங்கை விற்பது அம்முறை. மொத்தம் ஆண்டுக்கு ஏறத்தாழ 45,000 நாள்கள். 50 மீட்டருக்குக் குறைந்த கப்பல் ஒரு நாள் மீன்பிடித்தால் அரை நாளும், 80 மீட்டருக்கு மேற்பட்டது பிடித்தால் ஒன்றரை நாளும் கணக்கில் கழியும்.

எளிய ஏற்பாடுதான், ஆனால் அதன் வலிமை விலையில் தெரிந்தது. முன்பெல்லாம் தொலைதூர நாட்டுக் கப்பல் கூட்டமைப்புகள் ஒவ்வொரு தீவையும் தனித்தனியே அணுகி, பக்கத்துத் தீவு குறைவாகக் கேட்கிறது என்று சொல்லியே பேரத்தை முடித்தன. பிடித்த மீனின் மதிப்பில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு கிடைப்பதே பெரிதாக இருந்தது. எட்டு நாடுகளும் சேர்ந்து ஒரு நாளுக்குக் குறைந்தபட்ச விலை வைத்த பிறகு, அது 2012ல் 5,000 அமெரிக்க டாலராகவும் 2015ல் 8,000 ஆகவும் உயர்ந்தது. ஏலத்தில் அதற்கும் மேலே போனதுண்டு. எட்டு நாடுகளின் மொத்த வருவாய் 2010ல் ஆண்டுக்கு ஆறு கோடி டாலர் அளவில் இருந்து, பத்தாண்டுக்குள் ஐம்பது கோடியை நெருங்கியது. பல நாட்டுக் கடல்களுக்கு இடையே சிக்கிக் கிடக்கும் பொதுக்கடல் திட்டுகளில் மீன்பிடிக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால்தான் தங்கள் கடலில் உரிமம் என்ற நிபந்தனையையும் இவை போட்டன. தமக்குச் சட்டப்படி உரிமையே இல்லாத நீரையும், உரிமை உள்ள நீரைக் காட்டி அடக்கிய சாமர்த்தியம் அது.

இந்த வழியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. முதலாவது, வருவாய் காற்றையும் நீரோட்டத்தையும் பொறுத்து ஊசலாடுகிறது. வரிச்சூரை வெதுவெதுப்பான நீரின் கிழக்கு விளிம்பைத் தொடர்ந்து போகும் மீன். எல் நினோ ஆண்டில் அந்த விளிம்பு கிழக்கே நகர்ந்து கிரிபட்டியின் கடலுக்குள் வந்துவிடும், லா நினா ஆண்டில் பப்புவா நியூகினிப் பக்கம் ஒதுங்கிவிடும். வலுவான எல் நினோ வீசிய 2015ல் கிரிபட்டியின் மீன்பிடிக் கட்டணம் ஏறத்தாழ 20 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தொட்டது. மூன்றே ஆண்டுகளுக்கு முன் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருந்தது. இரண்டாவது, நாள் என்பது நழுவும் அளவுகோல். ஒலியலைக் கருவி பொருத்திய மிதவைகளைக் கடலில் விட்டு, எந்த மிதவைக்குக் கீழே எத்தனை டன் மீன் கூடியிருக்கிறது என்று செயற்கைக்கோள் வழியே பார்த்துக்கொண்டு நேராக அங்கே போய் வலை வளைக்கும் கப்பலின் ஒரு நாளும், இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கப்பலின் ஒரு நாளும் ஒன்றல்ல. விற்பவர் நாள்களை எண்ண, வாங்குபவர் டன்னை எண்ணுகிறார். மூன்றாவது, வாங்குபவர் விலகிக்கொள்ளும் ஆபத்து. 2016 தொடக்கத்தில் அமெரிக்கக் கப்பல்கள் ஒப்புக்கொண்ட தொகையைக் கட்ட முடியாதென்று பின்வாங்கியதில் ஒப்பந்தமே முறியும் நிலை வந்து, அந்த ஆண்டு இறுதியில்தான் புதிய விதிகளோடு சீரானது.

இருந்தாலும் இவை எல்லாமே திருத்தக்கூடிய குறைகள். விற்ற நாள் ஆண்டோடு தீர்ந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு விலையை ஏற்றலாம், எண்ணிக்கையைக் குறைக்கலாம், ஆளை மாற்றலாம். தன் கடலில் மீன் குறைந்த ஆண்டில் தன் நாள்களை மற்றொரு உறுப்பு நாட்டுக்குக் கைமாற்றவும் வழி உண்டு. கப்பலின் டீசல், வலை, கூலி, மீன் விலைச் சரிவு என எல்லா ஆபத்தும் வாங்குபவரின் தலையில். கிரிபட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு கரையில் இருக்கிறது.

இரண்டாவது வழியில் கிரிபட்டிக்கு உலகப் புகழும் உண்டு, கசப்பும் உண்டு. நாட்டின் மூன்று தீவுக்கூட்டங்களுள் ஒன்றான ஃபீனிக்ஸ் தீவுகளைச் சுற்றிய 4,08,250 சதுர கிலோமீட்டர் கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக 2006ல் அறிவித்து, 2008ல் விரிவாக்கி, 2010ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெறச் செய்தது அன்றைய அதிபர் அனோட்டே டோங்கின் அரசு. ஆனால் பல ஆண்டுகள் வரை அதில் மீன்பிடி முற்றிலும் தடுக்கப்பட்டிருந்த பகுதி நூற்றுக்கு மூன்று பங்கு அளவே. உலக மேடைகளில் சொல்லப்பட்டதற்கும் கடலில் நடந்ததற்கும் இடையே அவ்வளவு தூரம். 2015 ஜனவரி 1 முதல்தான் வணிக மீன்பிடிக்கு முழுத் தடை வந்தது. தடை வரப்போகிறதென்ற செய்தி வெளியான நாளிலிருந்து அது நடப்புக்கு வரும்வரையிலான இடைவெளியில், கப்பல்கள் முன்பைவிட இரு மடங்குக்கும் மேலாக அங்கே வலை வீசியதைச் செயற்கைக்கோள் தரவைக் கொண்டு ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். கடை மூடப்போகிறது என்று பலகை மாட்டிவிட்டு ஓராண்டு கதவைத் திறந்து வைத்தால் வேறென்ன நடக்கும்? பிறகு 2021 நவம்பரில், டோங்குக்கு அடுத்து வந்த அதிபர் தனேத்தி மாமாவுவின் அரசு அந்தப் பகுதியை மீண்டும் வணிக மீன்பிடிக்குத் திறக்கப்போவதாக அறிவித்தது. இழந்த வருவாய்க்கு ஈடாக வெளியிலிருந்து வரும் என்று எதிர்பார்த்த பணம் போதவில்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் முதன்மையானது.

இங்கே இரு தரப்பு வாதத்திலும் ஓட்டை உண்டு. அந்தப் பகுதி கிரிபட்டிக் கடலில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதை மூடியபோது நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட நாள்களின் எண்ணிக்கை குறைக்கப்படவில்லை. அதே நாள்கள் மீதமிருந்த ஒன்பது பங்குக் கடலில் விற்கப்பட்டன. ஆகவே மூடியதால் வருவாய் பெருமளவு போய்விட்டது என்பதும் முழு உண்மையாகாது, மூடியதால் சூரை காக்கப்பட்டது என்பதும் முழு உண்மையாகாது. வலை அக்கம்பக்கத்துக்கு நகர்ந்தது, அவ்வளவே. ஆயிரக்கணக்கான மைல் அலையும் மீனுக்கு வரைபடத்தில் போட்ட வேலி பொருட்டில்லை. மறுபுறம், பவளத்திட்டு, கடற்குன்று, பாறை மீன், கடற்பறவை என இடம்விட்டு அதிகம் நகராத உயிர்களுக்கு அந்த வேலி மெய்யான காவல். அதற்காக மட்டுமே மூடுவதானால் அவ்வளவு பரந்த நடுக்கடலைச் சேர்த்து மூட வேண்டிய தேவை இல்லை.

பலாவுவை முன்மாதிரி காட்டுவோர் உண்டு. அந்நாடு தன் கடலில் நூற்றுக்கு 80 பங்கை 2020 ஜனவரி 1 முதல் மூடியது. அத்துமீறிய வியட்நாமியப் படகுகளை 2015லேயே நடுக்கடலில் எரித்துக் காட்டியது. ஆனால் பலாவுவின் பிழைப்பு சுற்றுலா. முத்துக்குளிப்போர் இறங்கும் ஆழத்தில் முக்குளித்துச் சுறாவைப் பார்க்கப் பணம் கொடுப்போர் அங்கே வருகிறார்கள்; உயிருள்ள மீன் அவர்களுக்கு விற்பனைப் பொருள். கிரிபட்டியின் மூன்று தீவுக்கூட்டங்களும் கிழக்கு மேற்காக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரந்தவை, வான்வழித் தொடர்பு அரிது. ஃபீனிக்ஸ் கூட்டத்தில் கான்டன் தீவில் மட்டும் சிலர் குடியிருக்கிறார்கள். அங்கே பயணியை எதிர்பார்த்துக் கணக்குப் போட முடியாது. மூடுவதைத் திரும்பப் பெற முடியும் என்பது 2021ல் மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் திரும்பப் பெற்றதற்கு நாடு தன் சொல்லின் மதிப்பை விலையாகக் கொடுத்தது.

மூன்றாவது வழியை நான் அதிகம் நீட்டப் போவதில்லை. தன் மீனைத் தானே பிடித்துத் தானே டின்னில் அடைத்து விற்பதுதான் தன்மானத்துக்கு அழகு என்பது எந்த நாட்டு மேடையிலும் கைதட்டல் வாங்கும் பேச்சு. விடுதலைக்குப் பின் அரசே தூண்டில் படகுகளை வைத்து நடத்திய தே மவுதாரி நிறுவனம் நிலைக்கவில்லை. சூரையைப் பதப்படுத்த நன்னீர், மின்சாரம், பனிக்கட்டி, தொடர்ந்து வந்துபோகும் சரக்குக் கப்பல் ஆகியவை வேண்டும். பவளத்தீவில் நன்னீர் என்பது உப்புநீருக்கு மேல் மெல்லிய படலமாக மிதக்கும் மழைநீர்தான், குடிப்பதற்கே தட்டுப்பாடு. பப்புவா நியூகினியில் லேயிலும் சாலமன் தீவுகளில் நோரோவிலும் டின் ஆலைகள் ஓடுகின்றன என்றால், அங்கே ஆறும் ஆளும் துறைமுகமும் உண்டு. கப்பலுக்கு வாங்கிய கடன் மீன் வராத ஆண்டிலும் வட்டி கேட்கும். இதில் கிரிபட்டிக்கு மெய்யாகவே கைவந்தது ஆள்பலம்: தலைநகர் தராவாவில் உள்ள கடற்பயிற்சிப் பள்ளி 1967 முதல் ஜெர்மன் கப்பல் நிறுவனங்களுக்கு மாலுமிகளை உருவாக்கியது. உரிமம் வாங்கும் ஒவ்வொரு கப்பலிலும் இத்தனை உள்ளூர் மாலுமிகள், இத்தனை சதவீதம் மீன் தராவாவில் இறக்கி மாற்ற வேண்டும் என்று நாளோடு சேர்த்து நிபந்தனை வைப்பது, ஆலை கட்டுவதைவிட மலிவாக அதே நோக்கத்தை நிறைவேற்றும்.

நான்காவது வழிக்குக் கவர்ச்சி அதிகம், ஏனெனில் அங்கே மீனைப்போல ஓடிப்போகும் பொருள் இல்லை. நாலைந்து ஆயிரம் மீட்டர் ஆழத்தில் உருளைக்கிழங்கு அளவில் கிடக்கும் முடிச்சுகளில் மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், செம்பு உண்டு. குக் தீவுகள் தன் சொந்த மண்டலத்தில் அவற்றை ஆராய 2022ல் மூன்று உரிமங்கள் கொடுத்தது. நவூரு, தன் எல்லைக்கு வெளியே உள்ள பன்னாட்டுக் கடலடியில் ஒரு நிறுவனத்துக்குப் புரவலராக நின்று, 2021 ஜூனில் பன்னாட்டுக் கடலடி ஆணையத்தை விதிகளை விரைந்து முடிக்கச் சொல்லி நெருக்கியது. கிரிபட்டிக்கும் அரசு நிறுவனம் ஒன்றின் பெயரில் அங்கே ஆய்வு ஒப்பந்தம் இருந்தது. ஆனால் இவ்வழியில் முதலில் கையைச் சுட்டுக்கொண்ட அண்டை நாட்டின் கணக்கைப் பார்க்க வேண்டும்: தன் கடலில் சொல்வாரா-1 என்ற திட்டத்தில் பங்குதாரராகச் சேர்ந்த பப்புவா நியூகினி அரசு, அதை நடத்திய நாட்டிலஸ் நிறுவனம் 2019ல் கவிழ்ந்தபோது பத்துக் கோடி டாலருக்கும் மேலான தொகையை இழந்தது. ஒரு டன் உலோகமும் மேலே வரவில்லை.

கிரிபட்டி அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. அதன் பனாபா தீவில் 1900 முதல் 1979 வரை பாஸ்பேட் வெட்டி எடுத்து, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களுக்கு உரமாக அனுப்பினார்கள். தீவின் மண்ணே போய்விட்டது. பெரும்பாலான பனாபா மக்கள் 1945ல் பிஜியின் ராபித் தீவுக்குக் குடியமர்த்தப்பட்டு இன்றும் அங்கே வாழ்கிறார்கள். தோண்டியெடுத்த முடிச்சு மீண்டும் உருவாகப் பல பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும். நான் முதலில் சொன்ன இரண்டாவது கேள்விக்கு, நான்கு வழிகளில் இந்த ஒன்று மட்டும் திரும்பப் பெற முடியாது என்றே பதில் சொல்கிறது. பிறர் முதலில் தோண்டி, இழப்பையோ இலாபத்தையோ காட்டட்டும். கிரிபட்டியின் சொந்தக் கடலடி காத்திருப்பதால் குறைந்துவிடாது.

ஆகவே என் தேர்வு நாள்களை விற்பதுதான். ஆனால் இப்போது விற்கும் விதத்தில் அன்று. மூடுவதன் நோக்கத்தை நிலப்படத்தில் நிறைவேற்றுவதைவிட நாட்கணக்கில் நிறைவேற்றுவது பயன் தரும்: கருவிகளால் ஒரு நாளின் பிடிதிறன் கூடக்கூட, எட்டு நாடுகளும் சேர்ந்து மொத்த நாள்களைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கிரிபட்டி மட்டும் தனியே குறைத்தால் கப்பல் அடுத்த தீவுக்குப் போகும். ஃபீனிக்ஸ் தீவுகளில் பவளத்திட்டுகளையும் கடற்குன்றுகளையும் ஒட்டிய நீரை நிரந்தரமாக மூடி, நடுக்கடலைத் திறந்து வைப்பதில் முரண்பாடு ஏதும் இல்லை.

இந்தத் தேர்வு நிலைக்க வேண்டுமானால் 200 கடல் மைல் என்ற அளவே நிலைக்க வேண்டும். கடல்மட்டம் உயர்ந்து கரை பின்வாங்கினால் அளக்கத் தொடங்கும் கோடும் பின்வாங்குமா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. ஒருமுறை முறைப்படி அறிவித்துப் பதிந்த எல்லை, கடல்மட்டம் எப்படி மாறினாலும் குறையாது என்று பசிபிக் தீவுகள் மன்றத் தலைவர்கள் 2021 ஆகஸ்டில் அறிவித்தார்கள். பதிந்த அடிக்கோடுகளைத் திருத்த வேண்டிய கடமை நாடுகளுக்கு இல்லை என்ற கருத்தைப் பன்னாட்டு நீதிமன்றமும் 2025 ஜூலையில் வெளியிட்டது. ஆனால் இன்னொரு முனை திறந்தே இருக்கிறது. மனிதர் வாழ முடியாத பாறைக்குப் பொருளாதார மண்டலம் கிடையாது என்கிறது உடன்படிக்கையின் 121ஆம் பிரிவு. 2016ல் தென்சீனக் கடல் வழக்கில் நடுவர் மன்றம் அதற்கு மிகக் கடுமையான பொருள் கொடுத்தது. ஆளில்லாத ஃபீனிக்ஸ் தீவுகளை எவரேனும் அந்தப் பிரிவைக் காட்டிக் கேள்வி கேட்கும் நாள் வரலாம். கான்டனில் குடியிருப்பைத் தொடர்ந்து வைத்திருப்பது கிரிபட்டிக்கு அந்தக் காரணத்துக்காகவும் தேவை.

பருவநிலை மாதிரிகள் சொல்வதுபோல் சூரைக் கூட்டம் மெல்லக் கிழக்கே நகர்ந்தால், மேற்கிலுள்ள நாடுகளைவிடக் கிரிபட்டிக்கு முதலில் நன்மைதான். அதற்குப் பிறகு மீன் அதன் மூன்று துண்டுக் கடல்களையும் பிரிக்கும் பொதுக்கடலுக்குள் போனால் கட்டணம் கேட்க ஆளிருக்காது. எனவே எல் நினோ ஆண்டில் கூடுதலாக வரும் பணத்தை அந்த ஆண்டே செலவழிக்காமல், பாஸ்பேட் காலத்தில் 1956ல் தொடங்கி இன்று நூறு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் வளர்ந்திருக்கும் வருவாய்ச் சமநிலை நிதியில் சேர்க்க வேண்டும் என்பதை, உரிம விலையைப் பேசும் அதே மேசையில், அதே ஆண்டில், சட்டமாகவே எழுதிவிடுவது நல்லது.